எட்டு மாடி ஏறிய செல்போன்

காலை பத்து மணிக்குச் செல்போனை மேசைமேல் வைத்துவிட்டு, யாரும் தொடாமல் மாலை நான்கு மணி வரை விட்டுவிடுங்கள். காற்றழுத்தத்தை அளக்கும் பாரமானி சென்சார் அதில் இருந்தால், அதன் கணக்கில் அந்தப் போன் சுமார் இருபத்தைந்து மீட்டர் மேலே போயிருக்கும். ஏறக்குறைய எட்டு மாடி. இரவு பத்து மணிக்குள் அதில் பெரும்பகுதியை இறங்கியும் வந்துவிடும்.

மேசை நகரவில்லை, சென்சாரும் பழுதாகவில்லை. ஏறி இறங்கியது காற்றின் அழுத்தம். வெப்பமண்டல நாடுகளில் அது தினமும் இரண்டு முறை கூடி இரண்டு முறை குறைகிறது. காலை பத்து, இரவு பத்து மணி வாக்கில் உச்சம். மாலை நான்கு, விடியற்காலை நான்கு வாக்கில் தாழ்வு. சென்னை போன்ற ஊரில் பகல்நேர இறக்கம் சுமார் 3 ஹெக்டாபாஸ்கல் இருக்கும். கடல்மட்டத்தில் ஒரு ஹெக்டாபாஸ்கல் குறைய எட்டு, ஒன்பது மீட்டர் ஏற வேண்டும். எட்டு மாடிக் கணக்கு அப்படி வந்ததுதான்.

கடலில் ஓதம் ஏறி இறங்க நிலவு முக்கியக் காரணம். காற்றின் ஓதத்தில் நிலவின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. இங்கே ஏறக்குறைய எல்லாம் சூரியன் செய்யும் வேலை. வளிமண்டலத்தின் உயரத்தில் ஓசோனும், தரைக்குப் பக்கத்தில் நீராவியும் வெயிலை உறிஞ்சிச் சூடாகின்றன. பகலில் விரிந்து இரவில் சுருங்கும் காற்று, பூமியையே சுற்றி ஓடும் அலைகளை எழுப்புகிறது. அவற்றில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வருவது தரையில் வலுவாகத் தெரிகிறது. ஐரோப்பாவில் இது அடிக்கடி மாறும் வானிலையில் மூழ்கிவிடும். 1799இல் தென் அமெரிக்காவுக்குப் போன அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட், அங்கே பாரமானியைப் பார்த்தே மணி சொல்லிவிடலாம் போலிருக்கிறது என்று வியந்தார். நாமும் அதே வெப்பமண்டலத்தில்தான் இருக்கிறோம். நம் சட்டைப் பைக்குள் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பது நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இதற்குப் பயனும் உண்டு. வெப்பமண்டலக் கடலில் போகும் மாலுமிகளுக்கு ஒரு பழைய விதி இருக்கிறது. தினசரி ஏற்ற இறக்கத்தைக் கழித்த பிறகும் அழுத்தம் அந்தப் பருவத்தின் சராசரியைவிட 3 ஹெக்டாபாஸ்கல் தாழ்ந்திருந்தால் புயலைச் சந்தேகிக்க வேண்டும். 5 தாழ்ந்திருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இருப்பவர், போனை ஒரே மாடியில் ஒரே இடத்தில் வைத்து அளவைக் குறித்துவந்தால், வானிலை மையம் சொல்லும் தாழ்வுப் பகுதி தன் வீட்டைத் தொடுவதைத் தானே பார்க்கலாம். மாலை நான்கு மணிக்குப் பிறகு ஏற வேண்டிய கோடு ஏறாமல் படுத்துக்கிடக்கும். வானிலை மையத்து ரமணன் சாரின் செய்திக்காக டி.வி. முன்னால் காத்திருந்த தலைமுறைக்கு இந்தக் கோடு பிடித்துப்போகும்.

போனுக்குள் பாரமானி எதற்கு வந்தது? வானிலை பார்ப்பதற்காக இல்லை. 2011இல் வந்த கேலக்ஸி நெக்ஸஸ் போனில் அது இருந்ததைப் பார்த்துப் பலரும் குழம்பினார்கள். ஜி.பி.எஸ். தன் இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உயரம் ஓரளவு முன்கூட்டியே தெரிந்தால் உதவும் என்பதுதான் காரணம். செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேயே இருப்பதால், கிடைமட்ட இடத்தைச் சொல்வதைவிட உயரத்தைச் சொல்வதில் ஜி.பி.எஸ். கொஞ்சம் பலவீனம். அமெரிக்காவில் 911 அவசர அழைப்பு வந்தால், கூப்பிடுபவர் எந்த உயரத்தில் இருக்கிறார் என்பதையும் மூன்று மீட்டருக்குள் சொல்ல வேண்டும் என்று 2019இல் விதி வந்தது. அங்கே பாரமானி தீயணைப்பு வீரருக்கு மாடியைக் காட்டும் கருவி.

போனில் உள்ள சென்சார்கள் எல்லாவற்றின் கதையும் இதுதான். ஏதோ ஒரு சின்ன வசதிக்காக வைத்தார்கள்: படத்தை நிமிர்த்த, காதில் வைத்ததும் திரையை அணைக்க, வரைபடத்தில் அம்புக்குறியைத் திருப்ப. வேலை சிறியது, கருவியோ பெரியது. அவற்றின் அளவுகளை நேராகப் பார்க்க, ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் 2016இல் ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியை வெளியிட்டார்கள். பள்ளி, கல்லூரி இயற்பியல் சோதனைகளுக்காகச் செய்தது. விளம்பரத் தொல்லை இல்லை. இனி நான் சொல்லப்போவதில் பெரும்பாலானவற்றை அதிலேயே செய்து பார்க்கலாம்.

முதலில் மலைக்கோட்டை. திருச்சி மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர். அடிவாரத்தில் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு உச்சிப் பிள்ளையாரிடம் போனால் ஒன்பது, ஒன்பதரை ஹெக்டாபாஸ்கல் குறைந்திருக்கும். ஆனால் நிதானமாக ஏறி, சாமி கும்பிட்டு, காற்று வாங்கிக்கொண்டிருந்தால், இதற்கிடையில் காற்றின் ஓதமும் தன் பங்குக்கு அளவை மாற்றிவிடும். இதற்கு வழியை 1648 செப்டம்பர் 19 அன்றே ஒருவர் காட்டிவிட்டார். பாஸ்கலின் அக்கா கணவர் ஃப்ளோரின் பெரியே, பிரான்சில் பூய் த தோம் என்ற மலைமேல் பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஏறினார். ஏறுவதற்கு முன் அதே மாதிரி இன்னொரு குழாயை அடிவாரத்தில் ஒரு துறவியிடம் கொடுத்து, நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். கீழே மாறவில்லை, மேலே குறைந்தது. ஆகவே குறைத்தது உயரமே என்று நிரூபணமாயிற்று. நீங்களும் ஒரு போனைக் கீழே மச்சானிடம் கொடுத்துவிட்டு ஏறலாம். பெரியேவின் குழாயில் உடையக்கூடிய கண்ணாடி இருந்தது. போனில் உள்ளது, மூடிய நுண்குழிக்கு மேல் இழுத்துக் கட்டிய சிலிக்கான் சவ்வு. அழுத்தம் மாறினால் சவ்வு வளைகிறது, வளைவு மின்னளவாகிறது. மாடிப்படியில் இரண்டு மூன்று படி ஏறினாலே காட்டிவிடும்.

முடுக்கமானி இன்னும் நுட்பமானது. இது இல்லாத ஸ்மார்ட்போனே கிடையாது என்று சொல்லிவிடலாம். சிலிக்கானில் செதுக்கிய ஒரு சிறு பாளம், சிலிக்கான் விற்களில் தொங்குகிறது. பாளத்தின் ஓரத்தில் சீப்பின் பற்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும் விரல்கள், எதிரே நிலையாக நிற்கும் இன்னொரு சீப்பின் பற்களுக்கு நடுவே நுழைந்து நிற்கின்றன. போன் அசைந்தால் பாளம் கொஞ்சம் பின்தங்கும். பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறும். அங்கே தேங்கும் மின்னூட்டமும் மாறும். போனை ஒரு பாகை சாய்த்தால் பாளம் நகரும் தூரம் ஒரு நானோமீட்டரை ஒட்டியது, சில அணுக்களின் அகலம். 1990களில் கார்களில் மோதலை உணர்ந்து ஏர்பேக்கை விரிப்பதற்காகப் பெரிய அளவில் செய்யத் தொடங்கியவை இவை. இன்று நாம் படுத்துக்கொண்டு வீடியோ பார்க்கும்போது படத்தைத் திருப்பித் தொந்தரவு செய்கின்றன.

மேசையில் சும்மா கிடக்கும் போனின் முடுக்கமானி 9.8 என்று காட்டும். அதே போனை மெத்தைமேல் தூக்கிப் போட்டால் காற்றில் இருக்கும் அந்த அரை விநாடி நேரமும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். சும்மா இருப்பது முடுக்கம், விழுவது அமைதி! விழுகிறவனுக்குத் தன் எடை தெரியாது என்ற எண்ணம் 1907இல் ஐன்ஸ்டைனுக்கு வந்தது. பொதுச் சார்பியல் அங்கேதான் முளைத்தது. மெத்தை பெரிதாக இருக்கட்டும்.

வீட்டுக்கு உதவும் வேலைகளும் முடுக்கமானிக்கு உண்டு. புதிதாக வாங்கிய வாஷிங் மெஷின் நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றும் என்று விற்றவர் சொன்னாரா? துணியைப் பிழியும்போது மேலே ஈரத்துணி விரித்துப் போனை வையுங்கள். அதிர்வுகளைப் பிரித்துக் காட்டும் வரைபடத்தில் விநாடிக்கு 20 என்ற இடத்தில் கூர்மையான முகடு எழுந்தால் அவர் சொன்னது உண்மை. ஊஞ்சல் பலகையில் வைத்தால் ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் கிடைக்கும். இரண்டரை மீட்டர் சங்கிலி என்றால் சுமார் 3.2 விநாடி. பாட்டி உட்கார்ந்தாலும் பேரன் உட்கார்ந்தாலும் அது பெரிதாக மாறாது.

முடுக்கமானிக்குப் பக்கத்தில் கைரோஸ்கோப் இருக்கும். சுழற்சியை உணர்வது அதன் வேலை. உள்ளே ஒரு நுண்பாளம் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. போன் திரும்பினால் அதிர்வு பக்கவாட்டில் விலகும். ஈயின் பின்னிறகு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சிறு குமிழ்கள் இருக்குமே, அவையும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. போனுக்குள் இது முதலில் வந்தது 2010இல், ஐபோன் 4இல். நான்கே ஆண்டில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள்: பக்கத்தில் பேசும் குரலின் அதிர்வையும் கைரோஸ்கோப் ஓரளவு பிடித்துக்கொள்கிறது. மைக்கைத் தொட ஒரு செயலிக்கு உங்கள் அனுமதி வேண்டும். கைரோஸ்கோப்பைத் தொட அப்போது அதுவும் வேண்டியிருக்கவில்லை. பிறகு ஆண்ட்ராய்டு, அனுமதி இல்லாத செயலிகள் விநாடிக்கு எத்தனை முறை அளக்கலாம் என்பதற்கு வரம்பு வைத்தது. அளக்கத் தெரிந்த எந்தக் கருவிக்கும் ஒட்டுக்கேட்கவும் தெரியும் போலிருக்கிறது.

காந்தமானிக்கு வருவோம். திசைகாட்டியை இயக்குவது இது. 1879இல் எட்வின் ஹால் கண்டுபிடித்த விளைவைப் பல போன்களில் பயன்படுத்துகிறார்கள்: மின்னோட்டம் ஓடும் தகட்டின்மேல் காந்தப்புலம் விழுந்தால் பக்கவாட்டில் சிறு மின்னழுத்தம் பிறக்கும். பூமியின் புலம் நம் பக்கம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. போனின் ஸ்பீக்கரிலேயே அதைவிட வலுவான காந்தம் இருக்கிறது. பின் எப்படி வடக்கைக் கண்டுபிடிக்கிறது? போனை எட்டு வடிவத்தில் சுழற்றச் சொல்கிறதே, அதற்குத்தான். எப்படித் திருப்பினாலும் ஸ்பீக்கர் காந்தம் போனோடு சேர்ந்தே திரும்புகிறது. பூமியின் புலம் மட்டும் இடத்தில் நிற்கிறது. எல்லாத் திசையிலும் மாறாமல் சேர்ந்து வருவதைக் கண்டுபிடித்துக் கழித்துவிட்டால் மிச்சம் பூமி.

சுவரில் ஆணி அடிக்குமுன் போனை மெல்லத் தடவிப் பார்த்தால் உள்ளே இருக்கும் கம்பி, பழைய ஆணி, இரும்புக் குழாய் ஆகியவை அளவைத் துள்ளவைக்கும். தாமிர ஒயரைக் காட்டாது, பி.வி.சி. குழாயைக் காட்டாது, ஆகவே டிரில் போடுபவர் இதை மட்டும் நம்பக் கூடாது. தங்கத்தைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லிக்கொண்டு வரும் செயலிகள் பச்சைப் பொய். தங்கம் காந்தமானியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வாஸ்து பார்க்க வருகிறவர்களில் பலர் இப்போது போன் திசைகாட்டியைத்தான் நீட்டுகிறார்கள். கம்பி கட்டிய கான்கிரீட் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஈசானிய மூலை நகர்ந்துபோகும். பரிகாரம் எளிது, இரண்டடி தள்ளி நிற்கலாம்.

காந்தமானியில் தமிழ்நாட்டுக்கென்றே ஒரு விசேஷம் உண்டு. பூமியின் காந்தப்புலம் வெறுமனே வடக்கு நோக்கிக் கிடைமட்டமாக ஓடுவதில்லை. வட பாதியில் தரைக்குள் சாய்ந்து இறங்குகிறது. டெல்லியில் அந்தச் சாய்வு நாற்பது பாகைக்கு மேல். சென்னையில் பத்துப் பதினைந்துதான். தெற்கே போகப்போகக் குறைந்து, இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் பூஜ்யத்தைத் தொடுகிறது. காந்த நடுக்கோடு அங்கே போகிறது. திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவை ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுத்து, 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை விட்டதற்குக் காரணமே இந்தக் கோடுதான். இக்கோட்டுக்கு மேலே சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் மின்னோட்டம் ஒன்று ஆறு மாதிரி ஓடுகிறது. அதை ஆராய வேண்டியிருந்தது. திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் இதனால்தான். அந்த மின்னோட்டத்தின் விளைவு போனுக்கு எட்டாத அளவு நுண்மையானது. சாய்வு எட்டும். காந்தமானியின் மூன்று எண்களில், போனைப் படுக்க வைத்தால் மேல் கீழ்த் திசைக்கு உரியது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் பத்து மைக்ரோடெஸ்லா வாக்கில் இருப்பது நாகர்கோவிலில் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போகும். ரயில் பெட்டிக்குள் அளக்க வேண்டாம், சுற்றிலும் இரும்பு. இறங்கி வெட்டவெளிக்குப் போய் அளக்க வேண்டும்.

அடுத்து மைக். ஒலிக்கும் சென்னைக்கும் பழைய உறவு இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் வானியலர் ஜான் கோல்டிங்ஹாம், 1820, 21ஆம் ஆண்டுகளில் ஒலியின் வேகத்தை அளந்தார். செயிண்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலை மாலை பீரங்கி வெடிப்பது வழக்கம். நெருப்பு கண்ணுக்குத் தெரிவதற்கும் சத்தம் காதுக்கு வருவதற்கும் நடுவே உள்ள நேரத்தை அவரும் உதவியாளர்களும் எண்ணினார்கள். பரங்கிமலை ஒன்பது கிலோமீட்டர் தூரம். மாதக்கணக்கில் எண்ணியதில், வெயில் காலத்தில் ஒலி வேகமாக வருகிறது என்பது துலங்கியது. அந்தக் கட்டுரை 1823இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளியாயிற்று.

இன்று பீரங்கிக்குப் பதில் இரண்டு போனும் இரண்டு பேரும் போதும். ஃபைஃபாக்ஸில் சத்தம் கேட்டதும் ஓடி அடுத்த சத்தத்தில் நிற்கும் ஒரு கடிகாரம் உண்டு. இருவரும் ஐந்து மீட்டர் தள்ளி நின்று போன்களைத் தரையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் தன் போன் பக்கத்தில் கை தட்டுகிறார். அவர் போன் உடனே ஓடத் தொடங்கும்; மற்றது ஒலி வந்து சேர்ந்த பிறகே தொடங்கும். பிறகு இரண்டாமவர் தட்டுகிறார். அவர் போன் உடனே நிற்கும்; முதல் போன் ஒலி வந்த பிறகே நிற்கும். ஆக, முதல் போன் இரண்டு பக்கமும் தாமதத்தைச் சேர்த்துக்கொண்டு, மற்றதைவிட ஏறக்குறைய 0.029 விநாடி அதிகம் காட்டும். ஒலி பத்து மீட்டர் போக ஆகும் நேரம் அது. வகுத்தால் விநாடிக்கு 345, 350 மீட்டர் வரும். இரண்டு கடிகாரங்களையும் ஒன்றாக ஓடவைக்கும் தொல்லையே இல்லை என்பதுதான் இதன் அழகு. இந்த முறையை யோசித்தவர் கையைக் குலுக்க வேண்டும்.

அதே கடிகாரம் கிணற்றின் ஆழத்தையும் சொல்லும். கல்லை விடும் கணத்தில் ஒரு சத்தம் கொடுத்தால், தண்ணீரில் விழும் சத்தத்தில் நின்றுவிடும். ஒரு விநாடி என்றால் 4.8 மீட்டர். இரண்டு என்றால் 18.6 மீட்டர், ஒலி மேலே வர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கழித்த கணக்கு இது. போனைக் கிணற்றுக்கு மேலே நீட்ட வேண்டாம், கைப்பிடிச் சுவருக்கு இப்புறம் வைத்தாலே கேட்கும்.

சத்தத்தின் அளவுக்கு மட்டும் போனை அப்படியே நம்ப முடியாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று 2000ஆம் ஆண்டு விதி சொல்கிறது. திருவிழா ஸ்பீக்கரை அளந்து போலீசில் காட்டலாம் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு மாடலின் மைக்கும் ஒவ்வொரு விதம்; போன் தன் பங்குக்கு இரைச்சலை வெட்டியும் விடும். அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் செய்த ஒலியளவுச் செயலி ஐபோனுக்கு மட்டும் வந்தது. எண்ணற்ற ஆண்ட்ராய்டு மாடல்களையும் சோதித்துச் சரிபார்க்க முடியாது என்பது காரணம். நேற்றைவிட இன்று கூடுதலா என்று ஒப்பிட உதவும், வழக்கு போட உதவாது.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதை எல்லாரும் ஓயாமல் பயன்படுத்துகிறார்கள். இரண்டு மட்டும். டி.வி. ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் அதன் நுனியைப் போனின் முன்பக்க கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, திரையில் வெளிறிய ஊதாப் புள்ளியாக மினுக்கினால் ரிமோட் நல்லது, கோளாறு டி.வி.யில். பின்பக்க கேமராவில் அந்த ஒளியைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருக்கக்கூடும். இரண்டாவது, பிளாஷை எரியவிட்டு விரல் நுனியால் அதையும் லென்சையும் சேர்த்து மூடினால் திரை சிவக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் விரலில் ரத்தம் கூடும்போது சிவப்பு ஒரு துளி மங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த மங்கலை எண்ணித்தான் நாடிச் செயலிகள் கணக்குச் சொல்கின்றன. மருத்துவரிடம் போகாமல் இருக்க அது சாக்கு ஆகாது.

ஒரு போன் இவ்வளவு என்றால், கோடிக்கணக்கான போன்கள் சேர்ந்தால்? 2020 ஆகஸ்டில் கூகுள், ஆண்ட்ராய்டு போன்களின் முடுக்கமானிகளை நிலநடுக்கம் உணரப் பயன்படுத்தத் தொடங்கியது. அசையாமல் சார்ஜில் கிடக்கும் போன் திடீரென்று குலுங்கினால், தோராயமான இடத்தோடு ஒரு செய்தி அனுப்பும். ஒரே பகுதியில் பல போன்கள் ஒரே சமயத்தில் சொன்னால் நிலநடுக்கம். முதலில் வரும் அதிர்வலை விநாடிக்கு ஆறு கிலோமீட்டர் வாக்கில் ஓடுகிறது. கட்டடத்தைச் சாய்க்கும் அலை ஏறக்குறைய அதன் பாதி வேகம்தான். இரண்டையும்விட இணையச் செய்தி வேகமானது. ஆகவே தள்ளி இருப்பவர்களுக்குச் சில விநாடி, சில சமயம் அரை நிமிடம் முன்னதாக எச்சரிக்கை போகும். இந்தியாவில் இது 2023 செப்டம்பரில் வந்தது.

அதே ஆண்டு பிப்ரவரி 6 அன்று துருக்கியில் 7.8 அளவில் நிலம் குலுங்கியபோது, இந்த ஏற்பாடு அதை ஐந்துக்கும் குறைவு என்று மதிப்பிட்டது. உறங்குபவரை எழுப்பும் உச்ச எச்சரிக்கை 469 மட்டுமே போயிற்று. சரியாகக் கணித்திருந்தால் ஒரு கோடி பேருக்குப் போயிருக்க வேண்டும். கணக்கிடும் முறையைத் திருத்தி, அன்றைய தரவை மறுபடி ஓட்டிப் பார்த்ததில் கிடைத்த எண் அது. முடுக்கமானிகள் அன்றும் அளந்துகொண்டுதான் இருந்தன. தவறியது அளவைப் படித்த இடத்தில். இந்த விவரத்தை 2025இல் அறிவியல் இதழில் கூகுள் ஆய்வாளர்களே எழுதினார்கள்.

அடுத்த போன் வாங்கும்போது ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கடைக்காரர் கேமரா எத்தனை மெகாபிக்ஸல் என்று தொடங்குவார். பாரமானி இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் முழிப்பார், பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிடுவார், அவரும் முழிப்பார். விலையைக் குறைக்க வேண்டுமென்றால் கம்பெனிகள் முதலில் கழற்றிவிடும் சென்சார்களில் அதுவும் ஒன்று. கைரோஸ்கோப்பும் மலிவு மாடல்களில் சில சமயம் காணாமல் போகும். சென்சார்களின் பட்டியல் இணையத்தில் அந்தந்த மாடலின் விவரப் பக்கத்தில் கடைசி வரிகளில் இருக்கும். ஏற்கெனவே கையில் உள்ள போன் என்றால் ஃபைஃபாக்ஸைத் திறந்தாலே போதும், இல்லாத சென்சாருக்கு உரிய சோதனைகள் மங்கலாகத் தெரியும்.